நாய் மார்க் சிங்கம்

என் அக்காள் சைனபின் புருஷன் நைனா முகமதுவுக்குக் கை நீளம். திருட்டுக் கை அல்ல, அடிக்கிற கை. மதுரைக் கீழமாசி வீதியில் அவர் நடத்திய மிஷின் ஆயில் கடையில் நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ரைஸ்மில், பம்புசெட்டு, மாட்டு வண்டி அச்சு, சுற்றுகிறது எதுவானாலும் அதற்கு ஓர் எண்ணெய் எங்களிடம் உண்டு. மச்சானைப் பற்றி என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம். எண்ணெயில் கலப்படம் செய்தார் என்று மட்டும் எந்த வாயும் சொல்ல முடியாது.

கோளாறெல்லாம் லேபிளில்தான். மச்சான் ஆசைப்பட்டது சிங்கப் படம். போட்டுக்கொடுத்த ஆள் சிங்கத்தைப் பார்த்ததில்லை, போடச் சொன்னவரும் பார்த்ததில்லை. சிவகாசியில் அச்சாகி வந்தபோது பிடரி மயிரில் மை ஊறி, இரண்டு பக்கமும் காது மாதிரித் தொங்கியது. நாக்கு வெளியே கிடந்தது. வால் சுருண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில் ‘சிங்கம் மார்க்’ என்று போட்டிருந்தது உண்மைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனா வண்டிக்கு எண்ணெய் வாங்க வருகிறான்? ஊர் படத்தைப் பார்த்தது, ‘நாய் மார்க்’ என்று பெயர் வைத்தது, வாங்கிக்கொண்டு போனது.

அந்தப் பெயரில்தான் எங்கள் சரக்கு விற்றது. ஆனால் அது மச்சான் காதில் விழக்கூடாது. எங்கள் வீடுகளில் நாய் வாசற்படி தாண்டாது. அக்காள்கூட அந்த டின்னைத் தொழுகிற அறைப் பக்கம் கொண்டுபோக மாட்டாள். “சிங்கம்னா இதுக்கு ஏன் நாக்கு தொங்குது?” என்று என்னிடம் கேட்பாள். அவரிடம் கேட்க மாட்டாள்.

பேயாண்டி கேட்டான். சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றிவருகிற வண்டிக்காரன், சூதுவாது தெரியாதவன். “பாய், நாய் மார்க்கு ஒரு டின்னு குடுங்க. அச்சு கத்துது” என்றான். மச்சான் பலகையைத் தாண்டி வந்தது எனக்குத் தெரியாது. பீப்பாய் திறக்கிற இரும்பால் வாயிலேயே போட்டார். முன்பல் இரண்டும் வாசலில் விழுந்தன. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே அவன் கும்பிட்டான்.

“இப்பச் சொல்லு. என்ன மார்க்கு?”

“சிங்கம், பாய்.”

அதோடு ஊர் படித்துக்கொண்டது. மச்சான் இருந்தால் சிங்கம். அவர் தொழப் போயிருந்தால் என்னிடம் குசுகுசுவென்று நாய். நானும் அவர் முன்னால் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எனக்கும் பல் வேண்டுமே.

இரண்டாவது உலகச் சண்டைக்காலத்தில் மார்க்குகளைப் பதிவு செய்ய சர்க்கார் புதிதாய்ச் சட்டம் போட்டது. பதிவு ஆபீஸ் பம்பாயில். மச்சான் சிங்கத்துக்கு மனுப் போட்டுவிட்டு மாப்பிள்ளை மாதிரி வீதியில் நடந்தார். அதற்குள் காளவாசலில் எண்ணெய்க் கடை போட்டிருந்த விஸ்வேஸ்வரன் நாய்க்கு மனுப் போட்டிருந்தான். அவன் டின்னில் இருந்தது அசல் நாய். ராஜபாளையத்து நாய் மாதிரி அம்சமாய் நின்றது. உள்ளே இருந்ததோ, மிஷினில் ஓடிக் கருகின பழைய எண்ணெயை வடிகட்டி மண்ணெண்ணெய் ஊற்றின தண்ணிச் சரக்கு.

நாய் மார்க் கேட்டவனுக்கெல்லாம் அது போயிற்று. சோழவந்தான் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் அதை ஊற்றினார்கள். ஷாஃப்டு சூடேறிச் சிக்கி, பெல்ட் அறுந்து அடித்தது. பக்கத்தில் நின்ற சிவனாண்டி என்ற கூலியாளின் வலது கை தோளோடு போயிற்று. நெல் குவியலெல்லாம் ரத்தம் என்று சொன்னார்கள்.

அவன் தம்பி கருப்பு அருவாளோடு நேரே எங்கள் கடைக்கு வந்தான். “ஒன் நாய் எண்ணெய்தான்டா எங்கண்ணன் கையத் தின்னுச்சு!” என்று வீசினான். மச்சான் விலகியதில் கழுத்துக்கு வந்தது தோளில் இறங்கியது. எலும்பு தெரிந்தது. வெட்டுப்பட்ட ஆள் வலியில் கத்தியிருந்தால் மனிதன் என்பேன். அவரோ, “எவன்டா நாய் எண்ணெய்ங்கிறது?” என்று கத்திக்கொண்டு கருப்பின் தாடையை ஸ்பேனரால் உடைத்தார். எண்ணெயும் ரத்தமும் வழுக்க, இருவரும் தரையில் உருண்டார்கள். பிரித்துவிடப் போன என் உள்ளங்கையிலும் அருவாள் கீறிவிட்டது.

எண்ணெய் யாருடையது என்று விளங்கியதும், தோள் கட்டு ஆறுமுன்னே காளவாசலுக்குப் போனார். நானும் ஓடினேன். விஸ்வேஸ்வரன் எழுந்துகூட நிற்கவில்லை.

“உங்களுது சிங்கம்தானே பாய்? ஊரையே அடிச்சு அப்படித்தானே சொல்ல வச்சீக? நாய் என்னுது. இதுல என்ன தகராறு?”

மச்சான் அவன் மூக்கை உடைத்தார். கடையாட்கள் சேர்ந்து மச்சானை மிதித்தார்கள். மாட்டு வண்டியில் படுக்கவைத்துத்தான் கொண்டுவந்தேன்.

அவன் கேட்டதற்குப் பதில் வக்கீல் அனந்தராமனிடம் இருந்தது. “பாய், டின்னுல என்ன எழுதியிருக்குங்கிறது கேள்வியில்லை. என்ன சொல்லிக் கேட்டு வாங்குறாங்கங்கிறதுதான் கேள்வி. நாய் மார்க்குன்னா அது உங்க எண்ணெய்தான்னு வாங்கினவங்க சத்தியம் பண்ணட்டும். விஸ்வேஸ்வரன் மனு நிக்காது. இல்லேன்னா நாய் அவனுக்குப் போயிடும். நாய் போனா உங்க வியாபாரமே போச்சு.”

மச்சான் தோள் கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு, “கேட்டவன் அம்புட்டுப் பேரையும் கூப்புடு மாப்ள” என்றார். நாய் என்கிற அந்தச் சொல்லை விழுங்க அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. “நாயா? அல்லா சத்தியமா சிங்கம்தான் தம்பி” என்று அல்லாவைக் கும்பிடாதவர்களெல்லாம் சத்தியம் செய்தார்கள். பாய் ஆள் விட்டு ஆழம் பார்க்கிறார் என்று பயம். கடைசியில் பேயாண்டி ஒருவன் ஒத்துக்கொண்டான், வக்கீல் ஆபீசில், மச்சான் இல்லாதபோது. அவன் சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்கப் போனபோது, படிக்கத் தெரியாதவன் என்பதால் மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும் என்றார்கள்.

“அன்னிக்கு நீங்க வராதீங்கோ பாய்” என்றார் அனந்தராமன். வராமல் இருப்பாரா? என் மார்க்கு, என் சாட்சி என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

மாஜிஸ்ட்ரேட் வாசித்தார். “இந்த பாய் கடையில நீ என்ன மார்க்குன்னு சொல்லி எண்ணெய் கேட்டே?”

பேயாண்டி வாயைத் திறந்தான். மச்சானைப் பார்த்தான். நாக்கு பல் இல்லாத இடத்துக்குப் போய்த் தடவியது.

“சிங்க மார்க்குங்க, சாமி.”

“நாய் மார்க்குன்னு கேட்டதே இல்லையா?”

“ஐயோ, இல்லிங்க. சத்தியமா சிங்கந்தேன்.”

எதிர்க்கட்சியாய் வந்து நின்ற விஸ்வேஸ்வரன் கட்டுப்போட்ட மூக்கோடு சிரித்தான். மச்சான் முன்னால் போனார். முதலில் கைகூப்பித்தான் கேட்டார். “பேயாண்டி, நாய்னு சொல்லுய்யா. நீ சொன்னதுதானே? ஒண்ணும் செய்ய மாட்டேன்.” அந்தக் கூப்பிய கையைப் பார்த்ததும் பேயாண்டி முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். “சிங்கம் பாய், சிங்கம் பாய்” என்று பின்னால் நகர்ந்தான்.

“நாய்னு சொல்லுடா!” என்று அறைந்தார். சுவரில் மோதி விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, “நாய்! நாய்! சொல்லுடா நாய்னு!” என்று குத்தினார். போலீஸ்காரர்கள் பிடித்து இழுக்கிறவரை குத்தினார். பேயாண்டியின் வாய் கூழாகிப் போயிருந்தது. அதற்குள்ளிருந்து சிங்கம், சிங்கம் என்றுதான் வந்தது.

சாட்சியை அடித்து மிரட்டியதாக மாஜிஸ்ட்ரேட் எழுதினார். மச்சான் ஜெயிலுக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது பம்பாயிலிருந்து பதில் வந்திருந்தது. நாய் விஸ்வேஸ்வரனுக்கு. சிங்கம் எங்களுக்கு. இனி எங்கள் டின்னை யாரும் நாய் மார்க் என்று விற்கக்கூடாது.

ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வாங்கத்தான் ஆள் வரவில்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில் மச்சான் ஒரு டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, நெசத்தச் சொல்லு. இது நாய்தானே?”

அவர் குரலில் கோபமே இல்லை. ஒரு மனிதன் வாழ்நாளில் ஒரு தடவையாவது அப்படிக் கேட்பான் போலிருக்கிறது. எனக்கு மனசெல்லாம் இளகிவிட்டது. ஆமாம் மச்சான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவருடைய கை டின்மேல் இருந்தது.

“சிங்கம்தான் மச்சான்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், டின்னைக் கீழே வைத்தார். பிறகு அந்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.