தெர்மாமீட்டருக்குக் கட்டு

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் நவநீதகிருஷ்ணனுக்கு இரண்டு தறி ஷெட்டுகள். இரண்டுக்கும் தகரக் கூரை. ஓடுவது பேண்டேஜ் துணி. ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் துணி நெய்கிறவர்கள் அங்கே வெந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் கூத்து.

போன சித்திரையில் முதல் ஷெட்டில் யுவராணி தறியோரமாகவே மயங்கி விழுந்தாள். கை தறிக்குள் போகாமல் தப்பியதே பெரும்பாடு. "இன்னொருக்க விழுந்தா வேலைக்குப் போக வேண்டாம்," என்று புருஷன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். வேலையை விட அவளுக்கு மனசில்லை.

இந்தப் பங்குனியில் பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் ஷெட்டுக்கு வந்து கூட்டம் போட்டார்கள். பூமியின் சூடு கூடிக்கொண்டே போகிறது, வரும் கோடைகள் இன்னும் மோசமாக இருக்கும், கூரைக்கு வெள்ளை அடித்தால் வெயில் பாதி திரும்பிப் போய்விடும், நம்பாவிட்டால் அளந்து பாருங்கள் என்று இரண்டு தெர்மாமீட்டரும் கொடுத்தார்கள். யுவராணி முதலாளியை விடாமல் நச்சரித்து, தன் ஷெட்டுக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்க வைத்தாள். மற்றது அப்படியே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. மதியம் இரண்டு மணிக்கு இரண்டாவது ஷெட்டில் தறி ஓட்டும் அவள் மதினி கருத்தம்மா வந்து நம்பர் சொல்வாள். ஒப்பிடுவது முதலாளி வேலை என்று யுவராணி சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வாள்.

பத்து நாள் கழித்து முதலாளி நோட்டைப் பார்த்தார். வெள்ளை அடித்த ஷெட் சராசரி முப்பத்தேழு டிகிரி. அடிக்காதது முப்பத்தைந்து.

"அடிக்காததுதான் குளுகுளுன்னு இருக்காம். இதோட விட்டுருவோம் யுவராணி."

யுவராணி நோட்டை வாங்கி இரண்டு நம்பரையும் சேர்த்துப் பார்த்தாள். சித்திரை பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. இரண்டாவது ஷெட்டுக்குள் கால் வைத்தாலே முகம் தீய்கிறது, அது எப்படிக் குளுகுளு?

"செத்த நேரம் வாங்க மொதலாளி, நேர்ல பாத்துருவோம்."

போய்ப் பார்த்தால், தெர்மாமீட்டர் மண்டை உடைந்த ஆள் மாதிரி ஈரப் பேண்டேஜ் சுற்றித் தொங்கியது. நம்பர் தெரிய மட்டும் சின்ன இடைவெளி.

"யாரு பாத்த வேல இது?"

கருத்தம்மா நூல்கண்டைக் கீழே வைத்தாள். "நாந்தான் மொதலாளி. பாவம், எம்புட்டு நேரந்தான் வேகும்? வெடிச்சுப் போச்சுன்னா காலேஜ்காரவிய இவளையில்லா கேப்பாவ."

முதலாளி சிரிக்கவில்லை. துணியை அவிழ்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஷெட்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நம்பர் ஏறியது. முப்பத்தெட்டு, நாற்பது. கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டில் எழுந்துவிட்டார்.

"போதும். ஞாயித்துக்கெழம இதுக்கும் அடிச்சிருவோம். அதுவரைக்கும் மத்தியானம் ரெண்டு மணி நேரம் தறி ஓட வேண்டாம்."

யுவராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். முதலாளி போனதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மதினி, வேகுதேன்னு அதுக்குக் கட்டுப் போட்டீயளே. அதுக்கு நேர் கீழ பன்னெண்டு வருசமா நிக்கீய, ஒங்களுக்கு ஒரு ஈரத்துணி போட்டுக்கத் தோணலையா?"

கருத்தம்மா தெர்மாமீட்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம மேல நம்பரு தெரியாதுல்லா," என்றாள்.

யுவராணியின் சிரிப்பு நின்றது. அவிழ்த்துப் போட்ட துணியை எடுத்துப் போய்க் குடத்துத் தண்ணீரில் நனைத்து வந்து, மதினியின் கழுத்தில் சுற்றிவிட்டாள்.