பெரட்டில் ஒன்பது பேர் கூடுதல்

1898ஆம் வருடம் ஆவணி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, கரடிமலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆள் எண்ணியபோது நூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவர்களில் ஒன்பது பேர் போன மாதம் பேதியில் செத்து, கீழ்மலைப் பள்ளத்தில் புதைக்கப்பட்டவர்கள். தலையிலும் தோளிலும் செம்மண் அப்பியிருந்ததே தவிர, வரிசை தப்பவில்லை. உயிரோடிருந்தபோது நின்ற இடத்திலேயே அவரவர் நின்றார்கள். வீரய்யா கங்காணி இரண்டு தடவை எண்ணினார். மூன்றாம் தடவை எண்ணாமல், கார்னட் ஊதுகுழலைக் கவிழ்த்து எச்சிலை உதறிக்கொண்டிருந்த பொன்னையாவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏண்டா, யாரையெல்லாம் கூப்புட்ட நீ?”

“எல்லாரையுந்தாங்க,” என்றான் பொன்னையா.

அவன் திருச்சிப் பக்கத்து ஆள். மாத்தளை வழியாக நடந்து வந்தவன். கூடப் புறப்பட்ட நாற்பது பேரில் இருபத்தாறு பேர்தான் மலை ஏறினார்கள். பதுளையில் துரைமார் ஒரு பாண்டு வைத்திருந்தார்கள். குதிரைப் பந்தயம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அதுதான் வாசிக்கும். பொன்னையா அதில் வாத்தியப் பெட்டி சுமந்தான். கார்னட் ஊதிய வெள்ளைக்காரன் குடித்துக் குடித்து மூச்சு கெட்டுக் கப்பலேறியதும், வேறு ஆள் அகப்படாமல் அந்தப் பித்தளைக் குழலை இவன் கையில் கொடுத்தார்கள். சுமை தூக்கிப் பெருத்த நெஞ்சு, ஊதியது. ஆறு வருடம் ஊதினான். கடைவீதியில் ‘வாங்க பாண்டுக்காரரே’ என்று கூப்பிட்டு வெற்றிலை கொடுத்தார்கள். ஏழாம் வருடம் எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் துரை ஒருவரின் அடக்கத்தில் அவன் ஊதியபோது, செத்த துரை பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்து, குதிரைக்குச் சேணம் போட்டாயிற்றா என்று கேட்டார். உறவுக்காரர்கள் சமாதானம் சொல்லி அவரைப் படுக்கவைத்து ஆணியடித்தார்கள். வாசிப்பில் பிழை என்று மறுநாளே பொன்னையாவை விலக்கினார்கள். அடக்கத்துக்கு வந்திருந்தவர்களில் கரடிமலைத் துரை ஒருவர்தான் அந்த விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்தார். அடுத்த வாரமே அதுவரை பெரட்டுக்கு அடித்த தப்புப் பறையை மூலையில் போட்டுவிட்டு, பெரட்டுக்கு ஊத பொன்னையாவைக் கார்னட்டோடு கொண்டுவந்துவிட்டார்.

ஆகவே கங்காணி ஓடிப்போய்ச் சொன்னபோது துரை ஆச்சரியப்படவில்லை. கொழுந்து எடுக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். எடுத்தார்கள். பேசாமல், நிமிராமல், மழைக்கு ஒதுங்காமல் எடுத்தார்கள். அரிசி கேட்கவில்லை. அட்டைகூட அவர்களைத் தொடவில்லை. செத்த மகளைக் கண்டு ஒருத்தி ரொட்டியை நீட்டினாள். மகள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். சாயங்காலம் கொழுந்து நிறுத்ததும் பள்ளத்துக்கு இறங்கித் தாங்களே மண்ணை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். கடைசியாகப் படுப்பவருக்கு மண் தள்ள மட்டும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

உயிரோடிருந்தவர்களுக்குத்தான் காலம் கெட்டது. “பொணமே இருவத்தெட்டு ராத்தல் எடுக்குது, ஒனக்கு என்னாடி கேடு?” என்று கங்காணி கேட்கத் தொடங்கினார். காய்ச்சல்காரர்களை டோலியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது நின்றது. செத்தாலும் ஆள் குறையப்போவதில்லை. எட்டு வருடத்தில் ஒன்பது பேர் நாற்பத்தொரு பேரானார்கள்.

தோட்டத்துக்கு வந்த வருடமே பொன்னையா அங்கம்மாவைக் கட்டியிருந்தான். மலைப்பனியில் உதடு மரத்துக் கிடந்தால் கார்னட் பேசாது. அதனால் அவள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கிப் பிடித்து, சுடவைத்துத் தகரக் குவளையில் ஊற்றிக்கொண்டு வந்து அவன் காலைத் தட்டுவாள். அவன் உதட்டை நனைத்து, மிச்சத்தைக் குடித்துவிட்டு ஊதப் போவான். 1906இல் அவளுக்கு வயிற்றோட்டம் கண்டது. டோலி கேட்டுப் பொன்னையா கங்காணி வாசலில் நின்றான்.

“எதுக்குப்பா டோலி?” கங்காணி சிரித்தார். “படுத்துக் கெடந்தாத்தான் வர மாட்டா. செத்தா மறுநாளே பெரட்டுக்கு வந்துருவா. ஒன் ஊதல் அப்புடி.”

அங்கம்மாவுக்கு அது லயத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டிருந்தது. “ஏங்க, சின்னப் புள்ளையிலேருந்து கொழுந்து எடுத்தது போதும். செத்த பொறகும் என்னயக் கூப்புட்டுறாதீங்க.”

“கூப்புட மாட்டேன் புள்ள.”

“நீங்க ஊதுனா வந்துருவேனே. அதுங்க எல்லாம் வருதே.”

“ஊதல.”

“ஊதாம இருக்க விட்டுருவாகளாக்கும்!”

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் செத்தாள். பொழுது சாய்வதற்குள் புதைத்தார்கள். திரும்பி வந்த பொன்னையா கதவைச் சாத்தி, அம்மிக் குழவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். முன்பல் இல்லாதவன் கார்னட் ஊத முடியாது. மேலே நான்கு, கீழே மூன்று. அவசரப்படாமல், கல் உடைப்பவன் உடைப்பதுபோல் உடைத்தான்.

காலையில் துரையே நேரில் நின்று ஊதச் சொன்னார். காற்றும் ரத்தமும் வந்தன. மூலையில் கிடந்த தப்பைத் தேடி எடுத்து அடித்தார்கள். உயிரோடிருந்தவர்கள் வந்தார்கள், வரிசையில் நாற்பத்தொரு இடம் காலியாகக் கிடந்தது. துரை சவுக்கு அறும்வரை அடித்து, பொன்னையாவின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். கொழும்பிலிருந்து வந்த வேறொரு கார்னட்காரன் இவனைவிடச் சுத்தமாக ஊதினான். ஒரு மண்புழுகூட எழவில்லை. ஆள் பற்றாமல் போகவே, அந்த மாதக் கடைசியில் காய்ச்சல்காரர்களை ஏற்றிக்கொண்டு டோலி மறுபடி பதுளைக்குப் புறப்பட்டது. அங்கம்மாவை ஏற்றாத டோலி அது. பொன்னையா வெட்டிக்கொண்டிருந்த வடிகால் கானிலிருந்து நிமிர்ந்து, வளைவில் மறையும்வரை பார்த்தான்.

ஆனால் அதற்கு முன்பே, அவள் செத்த மூன்றாம் நாள் விடியுமுன் ஒரு குளிர்ந்த கை பொன்னையாவின் காலைத் தட்டியது. தலையில் செம்மண்ணோடு அங்கம்மா நின்றாள். கையில் தகரக் குவளை.

“நா கூப்புடலியே புள்ள,” என்றான். வீங்கிய வாயில் அது அழுகைபோலத்தான் வந்தது.

அவள் குவளையை நீட்டினாள். வெளியே தப்பு அடித்தார்கள். அவள் அசையவில்லை, அடுப்படியில் குந்தி, பெரட்டு கலையும்வரை இருந்துவிட்டுப் போனாள். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. உயிரோடிருந்த காலத்தில் ஒருநாளும் அவள் அவன் ஊதி எழுந்ததில்லை. தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருந்தது. செத்த கைக்கு அடுப்பு பற்றவில்லை. அவன் உதட்டை நனைத்து, மிச்சத்தைக் குடித்தான். பதினைந்து வருடம் அப்படியே குடித்தான்.

1921இல் பொன்னையா செத்ததும் அவன் இருந்த லயத்துக் காம்பரா அறையை அழகையா குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். விடியும்போது கால்மாட்டில் ஒரு குவளைத் தண்ணீர் இருக்கும் என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். இருந்தது. அழகையாவின் பெண்சாதி முதல் நாள் அதை முகர்ந்து பார்த்தாள். மறுநாளிலிருந்து ரொட்டிக்கு மாவு பிசைய எடுத்துக்கொண்டாள். பீலிக்கு ஒரு நடை மிச்சம்.