விதைத்தவரின் தட்டு

அந்த உணவகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாத்தியில் முதல் அறுவடை நடக்கும் அன்று முதல் தட்டு விதைத்தவருக்கு. அவர் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் மற்ற மேசைகளுக்குப் பரிமாறுவார்கள். பின்பக்கத் தோட்டத்தில் விளைந்ததை மட்டுமே சமைப்பேன் என்று அடம்பிடிக்கிற செஃப் போட்ட சட்டம் அது. எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இன்றைய கேரட்டை விதைத்தவர் உயிரோடு இல்லை. அதனால் அவருடைய மனைவி வந்து உட்கார்ந்திருந்தாள்.

வர அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லை. புருஷன் அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு போனாரா? "நானே அடுப்படியில நின்னுக்கிட்டு ஒரு வாய் தின்னுட்டு வரேன், உன்னை எங்க உக்கார வைக்கிறது" என்று மழுப்புவார். கடைசிக் காலையில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே உங்ககூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மதியம் கேரட் பாத்தி ஓரத்தில் குப்புறக் கிடந்தாராம். அந்தப் பேச்சை எப்படித் திரும்ப வாங்குவது? அன்றிலிருந்து தட்டின் முன் உட்கார்ந்தாலே அவளுக்குத் தொண்டை அடைக்கிறது.

செஃப் இரண்டு தட்டுகளோடு வந்தான். ஒன்றை அவள் முன்னால் வைத்தான். மற்றதை எதிரே, காலி நாற்காலிக்கு நேராக வைத்தான்.

"அண்ணனுக்கும் வைக்கிறேன்க்கா. வழக்கத்தை மாத்த மனசு வரல."

முறம் அகலத் தட்டில் வெண்ணெயில் வாட்டிய ஒற்றைக் கேரட், வாலோடு. இதற்குத்தான் இவ்வளவு அலட்டலா என்று வேறு நாளாக இருந்தால் கேட்டிருப்பாள். கை எழவில்லை. சுற்றியிருந்தவர்கள் இவளையே பார்த்தார்கள். தட்டிலிருந்து எழுந்த ஆவி அடங்கியது, வெண்ணெய் உறைந்தது. பதற்றத்தில் மடியிலிருந்த துணி நழுவ, குனிந்து எடுத்தாள்.

நிமிர்ந்தபோது அவள் தட்டின் ஓரத்தில் ஒரு கேரட் வால் இருந்தது. அவளுடைய கேரட் முழுசாகவே கிடந்தது. எதிர்த் தட்டில் இருந்ததற்கு வாலைக் காணோம்.

அவள் செஃபைப் பார்த்தாள். "தம்பி, நீங்க இந்தத் தட்டைத் தொட்டீங்களா?"

"இல்லக்கா. நான் இங்கயேதான நிக்கிறேன்." பிறகுதான் அவனும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணன் எப்பவும் இப்படித்தான்க்கா. முதல் தட்டுல ஒரு துண்டு பிச்சு, காகிதத்துல சுத்திச் சட்டைப்பையில போட்டுக்குவாரு. வீட்டுக்காரிக்குன்னு சொல்வாரு."

"எனக்குன்னா சொன்னாரு?"

"ஆனா குடுக்க வெக்கமா இருக்குன்னு சிரிப்பாரு. மிச்சம் கொண்டாந்து நீட்டுறேன்னு நினைச்சுடுவீங்களாம்."

அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. துவைக்கும்போதெல்லாம் அவருடைய சட்டைப்பையில் வற்றிச் சுருங்கிய ஏதாவது ஒரு துண்டு கிடைக்கும். குப்பையைச் சுமந்துகொண்டு வருகிற மனுஷன் என்று திட்டிக்கொண்டே அத்தனையையும் சாக்கடையில் உதறியிருக்கிறாள்.

வாலை எடுத்தாள். தட்டு முழுக்க ஆறிக் கிடக்க, அது மட்டும் விரலைச் சுட்டது. பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். தொண்டை அடைக்கவில்லை.

காலி நாற்காலியைப் பார்த்து, "இதை வீட்டுலயே குடுத்திருக்கலாம்ல" என்றாள்.

செஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினான். "அண்ணன் சாப்பிட்டாச்சு. மத்த மேசைக்கு எடுங்க."