வடிச்சாச்சா?

சுகாதார ஊழியருக்கு அந்த வட்டாரம் வைத்திருந்த பட்டப்பெயர் ‘வடிச்சாச்சா’. எந்த வீட்டுப் படியேறினாலும் அவர் வாயில் முதலில் வரும் கேள்வி அதுதான். ஆழ்குழாய்த் தண்ணீர் பாய்ந்து விளைகிற அரிசியில் ஆர்சனிக் விஷம் இருக்கிறது, லாரியில் வரும் நல்ல தண்ணீரைத் தாராளமாக விட்டு வேகவைத்து வடித்தால் பெரும்பகுதி போய்விடும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோன மனிதர். சோறில்லாமல் ஒரு வேளையைத் தள்ளத் தெரியாதவர்களிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

வெளியே அலைச்சல் என்றால் வீட்டில் அக்காவைப் பற்றிய கவலை. புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறவள். அவளுடைய உள்ளங்கை மட்டும் காய்த்துக் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரே பானைச் சோறு, ஒரே குடத்துத் தண்ணீர். அவருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை. அவளுக்கோ ஊசி குத்தினால், துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. பட்டன் துளைக்குக் கையால் காஜா எடுப்பதை விட்டுவிட்டாள். இப்படியே போனால் மெஷினையும் விடவேண்டியதுதான். ஆர்சனிக்தான், உள்ளே இன்னும் எங்கிருந்தோ போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இவரும் உப்பு முதல் மாத்திரை வரை சந்தேகப்பட்டு ஓய்ந்துபோனார்.

ஒரு நாள் ஆபீஸ் கூட்டம் ரத்தாகி, மதியத்துக்கு முன்பே வீடு திரும்பினார். அடுக்களையில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கிண்ணத்தில் எதையோ உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தார். சோறு வடித்த கஞ்சி.

“என்னக்கா இது?”

“தினம் குடிக்கிறதுதான். எல்லாரும் சாப்பிட்டு நான் உட்கார நேரமாயிடுது. அதுவரைக்கும் மெஷின் மிதிக்கத் தெம்பு வேணாமா?”

“விஷமே அதுலதான்க்கா இறங்குது.”

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

“வடிக்கத்தானே சொன்னே. கொட்டச் சொல்லலையேடா.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. கீழே சிந்திய பருக்கையையும் பொறுக்கி எடுத்துக் கழுவுகிறவள், கஞ்சியை மட்டும் எப்படிக் கொட்டுவாள்? கொட்ட வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

அக்கா எழுந்து மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினாள். பாவம் செய்கிறவள் மாதிரி, மெதுவாக ஊற்றினாள். அவர் கழற்றிய செருப்பையே மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கால் வலித்தது. மறுபடி முதலிலிருந்து எல்லா வீடும் ஏறி இறங்க வேண்டும் என்று நினைத்தபோதே மலைப்பாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரம்மா அவர் தலையைக் கண்டதும் சிரித்தாள்.

“வடிச்சாச்சு சார்.”

“கஞ்சியை என்னம்மா செஞ்சீங்க?”

அந்த அம்மாள் பெருமையாக உள்ளே கை காட்டினாள். ஏழு மாதக் கர்ப்பிணியான அவள் மருமகள், பெரிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.