அக்கேய் வகுப்புக்கு ஒரு பேரம்

…எங்கேயாவது ஓரிடத்தில் தடுமாறித் தொலையேன் பிள்ளை, ஒரு சொல்லையாவது விழுங்கேன், இவ்வளவு நன்றாகச் சொன்னால் உன்னைக் கெடுத்துவிடுவார்களே என்று அக்னெஸ் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள், ஆனால் தனுஷா தடுமாறவில்லை, பெயர், வயது பதின்மூன்று, பிறந்த ஊர், பிடித்த பாடம் கணிதம், பிடித்த பழம் அப்பிள் என்று பிரெஞ்சில் பொழிந்துகொண்டிருந்தாள், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மாம்பழம் இருக்க அப்பிள் பிடித்ததாம், இது தகப்பன் எழுதிக் கொடுத்த பழம், சந்தேகமே இல்லை, ஏனென்றால் பக்கத்துக் கதிரையில் இருந்த ஞானேந்திரனின் உதடுகள் மகளின் உதடுகளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அசைந்துகொண்டிருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் மெசியே பற்றிக், புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளோடு பேசிப் பார்த்து எந்த வகுப்பில் விடலாம் என்று முடிவு சொல்லுகிறவர், நல்ல மனிதர், அதுதான் பிரச்சினை, நல்ல மனிதர்கள் பார்த்ததை அப்படியே நம்பிவிடுவார்கள்... அக்னெஸைப் பார்த்துச் சொன்னார், இந்தப் பிள்ளைக்கு அக்கேய் வகுப்பு தேவையில்லைப் போல இருக்கிறதே, நேரே சாதாரண வகுப்புக்கே அனுப்பலாம். அக்னெஸ் இந்தப் பள்ளிக்கூடத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளர், சொன்னதைச் சொல்லத்தான் சம்பளம், சொன்னாள், ஞானேந்திரன் கதிரையிலேயே ஒரு சாண் வளர்ந்துவிட்டார்.

எங்கள் ஆட்களை என்ன சொல்ல, ஒரு மேசையும் அதற்குப் பின்னால் ஒரு ஆளும் இருந்தால் போதும், அது சோதனைதான், சோதனை என்றால் டியூசன், டியூசன் என்றால் பாடமாக்கு... உலகத்திலேயே குறையச் செய்தால் கூடுதலாகக் கிடைக்கிற சோதனை இது ஒன்றுதான் என்று இந்த மனிதனுக்கு யார் சொல்லியிருப்பார்கள், பள்ளிக்கூடத்துக்காரர் அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று சொல்லமாட்டார்கள், எங்கள் ஆட்கள் கேட்டால் மரியாதைக் குறைவு என்று கேட்கமாட்டார்கள். அக்கேய் என்பது வந்த பிள்ளைகளுக்கு முதலில் மொழியைக் கொடுக்கிற வரவேற்பு வகுப்பு, சின்ன வகுப்பு, நாள் முழுக்க ஒரே ரீச்சர், பிழை விட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், எல்லாருமே பிழைதானே விடுகிறார்கள்... போன வருசம் அனோஜினி என்ற பிள்ளை இப்படித்தான் அழகாக ஒப்புவித்துச் சாதாரண வகுப்புக்குப் போனாள், பனி கரையும்வரை வாய் திறக்கவில்லை, மத்தியானச் சாப்பாட்டைக் கழிவறைக்குள் இருந்து சாப்பிட்டாளாம், பிறகுதான் தெரிந்தது. இன்னொரு அனோஜினியா? இவரிடம் நேரே சொன்னால்? துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிற மனிதன், மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிட இத்தனை வருசம் காத்திருந்தவர், காலையில் நடைவழியில் பெருமையாகச் சொன்னாரே, அக்கா, ஞாயிற்றுக்கிழமையெண்டா லொறியை ஓரமா விட்டிட்டு ஃபோனில பிள்ளைக்குப் பிரெஞ்சுதான், வேற ஒரு கதையும் இல்லை... வேறு ஒரு கதையும் இல்லை, அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். தகப்பனும் மகளும் கடலுக்கு இரண்டு பக்கமும் இருந்து பேசிக்கொண்டதெல்லாம் இந்த அப்பிள் பழம்தான், அதைப் போய் உதவாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

என்னைப் பெற்ற அப்பு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்... யாழ்ப்பாணம் பெரியகடையில் சீலை வாங்கி விற்ற மனிதர், எவ்வளவு நல்ல சீலையென்றாலும் கடை விளக்கில் பார்த்து வாங்கமாட்டார், விரித்து வாசலுக்குக் கொண்டுபோவார், வெயிலில் பார்ப்பார், ஒரு சொல் சொல்லமாட்டார், வெயில் சொல்லும். அக்னெஸ் எழும்பினாள், கொஞ்சம் இருட்டாக இருக்கிறது, திறக்கட்டுமா என்று பற்றிக்கைக் கேட்டு யன்னல் திரையை உயர்த்திவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவள்போல் இருந்தாள். செயின்ட்-மிஷேல் பகுதியின் சாம்பல் வெளிச்சம் உள்ளே வந்தது, வெளியே வேலிக் கம்பியின் நுனியில் யாரோ தொலைத்த சிவப்புக் கையுறை ஒன்றைக் கண்டெடுத்த யாரோ செருகி வைத்திருந்தார்கள், தெருவுக்கே கை காட்டுகிற மாதிரி. பற்றிக் பார்த்தார், சிரித்தார், அவர் பார்த்தால் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும், கேட்டார், தனுஷா, அங்கே என்ன தெரிகிறது? தனுஷா யன்னலைப் பார்த்தாள், பிறகு தகப்பனைப் பார்த்தாள், பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு பெயர், வயது பதின்மூன்று, பிறந்த ஊர் என்று முதலிலிருந்து தொடங்கினாள். ஞானேந்திரனின் உதடுகள் நின்றுவிட்டன. பிள்ளை பயந்திட்டுது அக்கா, நாலாவது கேள்வியைக் கேக்கச் சொல்லுங்கோ, அதை நல்லாச் சொல்லுவாள் என்றார்.

பற்றிக் விளங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார், அக்கேய்தான் நல்லது. இதைத்தானே எதிர்பார்த்தாய், இப்போது விற்றுக் காட்டு பார்ப்போம் என்றாள் அக்னெஸ் தனக்கே. ஞானேந்திரன் குரலைத் தாழ்த்தி, அக்கா, அது கீழ் வகுப்பெல்லோ, ஆக்கள் என்ன நினைப்பினம் என்றார். அக்னெஸ் பெருமூச்சு விட்டாள், அதையும் அளந்துதான் விட்டாள். அதை விடுங்கோ தம்பி, அக்கேயில இடம் எடுக்கிறது லேசில்லை, எத்தினை சனம் கேட்டு நிக்குது, உங்களுக்கு விருப்பமில்லையெண்டா நான் வேண்டாமெண்டு சொல்லிவிடுறன். பொய் இல்லை, கேட்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்தான், சொல்லுகிற நேரத்தைத்தான் அவள் தெரிந்தெடுத்தாள்... அவர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். பொறுங்கோ அக்கா, நான் வேண்டாமெண்டு எங்க சொன்னன்? கொஞ்சம் கதைச்சுப் பாருங்கோவன், உங்கட சொல்லை அவர் கேப்பார். கதைச்சுப் பாக்கிறன், ஆனா உறுதி சொல்லமாட்டன். திரும்பிப் பற்றிக்கிடம், ஞானேந்திரனுக்குப் பிடிபடாத வேகப் பிரெஞ்சில், தகப்பனுக்குச் சம்மதம், வகுப்பு எப்போது தொடங்கலாம் என்று கேட்டாள், திங்கட்கிழமை என்றார். கிடைச்சிட்டுது தம்பி. அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், இருந்தாற்போல் பற்றிக்கின் கையையும் பிடித்தார், மெர்சி, மெர்சி, பற்றிக்குக்கு எதற்கென்று விளங்கவில்லை, இருந்தாலும் சந்தோசப்பட்டார், எல்லாரும் இலாபத்தோடு எழும்பிய வியாபாரம், அப்பு, பார்த்தீர்களா...

நடைவழியில் ஞானேந்திரன் மனைவிக்கு ஃபோன் எடுத்து, சரியான கஷ்டப்பட்டுத்தான் இடம் எடுத்தது என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார், சொல்லட்டும், அதிலும் பாதி உண்மை. தனுஷா பின்தங்கினாள். காலையில் வரும்போது நின்ற அதே கதவடியில் இப்போதும் நின்றாள், அக்கேய் வகுப்பின் கதவு, அப்போது உள்ளே ஒரு பொடியன் எல்லாருடைய தொப்பிகளையும் தலையில் அடுக்கிக்கொண்டு நிற்க மற்றப் பிள்ளைகள் நிறத்தைக் கத்திக் கத்தி ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள், தகப்பன் கையைப் பிடித்து இழுத்ததால்தான் இவள் நகர்ந்தாள். அன்ரி, இதுதானே வகுப்பு? ஓம் பிள்ளை. கண்ணாடிக்குள்ளால் பார்த்தபடி தனுஷா தன்பாட்டில், மிகவும் மெதுவாகச் சொன்னாள்: மித்தேன். றூஜ்.

அக்னெஸின் கால் நின்றது. கையுறை. சிவப்பு. தகப்பனின் பாடத்தில் இல்லாத இரண்டு சொற்கள்... றூஜ் இந்தக் கதவடியில் கேட்டதாக இருக்கும், மித்தேன் குளிர்ச் சாமான் வாங்கின கடையில் பொறுக்கியதாக இருக்கும், அப்படியானால் உள்ளே யன்னலைப் பார்த்தபோது தெரியாமல்தான் நின்றாளா, இல்லை இப்போதுதான் நினைவு வந்ததா, இல்லாவிட்டால் வேண்டுமென்றேதான்... திரையை உயர்த்தியது நான்தானே, விற்றதும் நான்தானே? கேட்கலாம் என்று வாயெடுத்தாள், தனுஷா திரும்பிப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள், அப்பிள் பழத்தில் இல்லாத சிரிப்பு. அக்னெஸ் கேட்கவில்லை, பேரம் முடிந்த பிறகு எதிராளியிடம் கணக்குக் கேட்கிற பழக்கம் எங்கள் கடையில் இருந்ததில்லை.