அறிவிப்பு வண்டிக்காரர் எங்கே படுப்பார்?

நோய் தொற்றியவர்களோடு பழகியவர்களை அவரவர் வீட்டிலேயே தனியாக வைக்கலாம் என்று எங்கள் தெருவில் பேசிய கட்சிக்கு என் அக்கா தலைவி. கூடவே கூடாது, ஊர்க் கோடியிலுள்ள பள்ளிக்கூடத்து மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்சிக்கு அவள் புருஷன், அதாவது என் மாமா, தலைவர். ஒரு படுக்கையறையும் ஒரு குளியலறையும் உள்ள வீட்டில் இருவரும் பல வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார்கள். நான் அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியென்றே பட்டது. அதனால் யாரும் என்னைக் கருத்துக் கேட்கவில்லை.

அக்கா தெரு முனையில் ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறாள். ஊரடங்கு வந்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது. கடைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நகராட்சிக்கு நடையாய் நடந்து, சண்டை போட்டு, அடுத்த வாரம் திறக்கலாம் என்று உத்தரவு வாங்கிவிட்டாள். மாமாவின் வாய்க்கு வேறு வேலை. நகராட்சியின் அறிவிப்பு வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். வண்டியின் தலையில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கி. 'அறிகுறியை மறைக்காதீர்கள், தொடர்பில் இருந்தவர்கள் உடனே மையத்துக்கு வாருங்கள், அச்சம் வேண்டாம்' என்று காலையிலிருந்து மாலைவரை சொல்லிக்கொண்டே போவார். தொண்டை கட்டினால், தானே பதிவு செய்து வைத்ததை ஓடவிடுவார். தெருவில் அவருக்கு மைக் என்று பெயர்.

கூட்டம் போடத் தடை என்பதால் தெருவில் விவாதமெல்லாம் பால்கனிக்குப் பால்கனி நடந்தது. அக்காவின் வாதம் இது: ஆளைப் பிடித்துக்கொண்டு போவீர்கள் என்றால் காய்ச்சல் வந்தவன் வாயையே திறக்க மாட்டான். மாமாவின் கட்சியில் இருந்த மருந்துக்கடைக்காரர் இதைக் கேட்டால் துள்ளுவார்.

"இப்ப மட்டும் திறக்குறானா? காய்ச்சல் மாத்திரை வாங்க வர்றவன் எல்லாம் தலைவலின்னுதான் சொல்றான். ஒரே தெருவுல இத்தனை தலைவலியா? வீட்டுல வெச்சா எவன் காவல் காக்குறது?"

"நீங்க காவல் காக்க வேணாம், கடையப் பாருங்க," என்பாள் அக்கா.

"உங்க வீட்டுக்காரரே என் பக்கம்தான்மா!"

"அவரு சம்பளத்துக்குப் பேசுறாரு."

"யாரு?" என்று உள்ளேயிருந்து மாமாவின் குரல் வரும். அதோடு அன்றைய விவாதம் வீட்டுக்குள் போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான் வண்டியில் மாமாவோடு கூடப் போகும் உதவியாளருக்குத் தொற்று என்று முடிவு வந்தது. இருவரும் நாள் முழுக்க ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தவர்கள். மாமாவுக்கும் சளி மாதிரி எடுத்தார்கள்; முடிவு வர நாளாகும். வீட்டுக்குள் போகாதே, வண்டியிலேயே உட்கார், மாலையில் சுகாதார ஆய்வாளர் வந்து தெருக்காரர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு, வீடா மையமா என்று முடிவு செய்வார் என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பினார்கள். வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மாமா உள்ளே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நாள் ஊரையே அழைத்த மனிதர், தன்னை எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாமல்.

அக்கா வாசலுக்கு வந்து ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய், ஆய்வாளர் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார் என்று குளியலறையைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்தபடியே மாமாவுக்கு போன் போட்டாள்.

மாமாவின் போனில் சார்ஜ் தீரும் நிலை. வண்டியில் சார்ஜ் ஏற்ற வேண்டுமானால் ஒலிபெருக்கிப் பெட்டியை ஓடவிட வேண்டும். அதில்தான் சொருகும் இடம் இருக்கிறது. மைக்கின் பொத்தானை நாள் முழுக்க அழுத்திப் பிடித்தால் விரல் வலிக்கும் என்று மாமா அதன்மேல் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தார். அதாவது பெட்டி ஓடினால் மைக்கும் ஓடும். சார்ஜில் போட்ட போனை ஸ்பீக்கரில் வைத்து, மைக்குக்குப் பக்கத்திலேயே சாய்த்துவிட்டு, மாமா பேசத் தொடங்கினார்.

வேறு எவனாவது இருந்தால் தன் குரல் தெருவில் இடி மாதிரி விழுந்ததும் துள்ளிக் குதித்திருப்பான். மாமாவுக்குத் தன் குரல் வெளியேயிருந்து கேட்பதுதான் வழக்கம். கேட்காவிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அக்காவுக்கோ வெளியே அவர் குரல் கேட்பது மின்விசிறிச் சத்தம் மாதிரி. காதில் ஏறவே ஏறாது. குழாய் வேறு திறந்திருந்தது.

"சொல்லும்மா," என்றது தெரு முழுக்க.

நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். வண்டிக் கண்ணாடியைத் தட்டினேன்.

"மாப்ள, தள்ளி நில்லுடா! தொட்டா நீயும் வண்டியிலதான் படுக்கணும்!" இரண்டு கூம்பும் சேர்ந்து என்னை விரட்டின. நான் மைக்கைக் காட்டினேன். பாட்டுப் போடச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, எரிச்சலோடு தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே ஓடிக் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"இருடா, அவசரம்னா மாடியில போ!" அதுவும் போன் வழியாக வண்டிக்குப் போய்த் தெருவுக்கு வந்தது.

இதற்குமேல் என்னால் ஆகாது என்று மாடிக்குத் திரும்பினேன். கேட்கவும் ஆசையாக இருந்தது. எல்லாப் பால்கனியிலும் ஆட்கள் நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் கையில் டீயோடு வெளியே வந்தார்.

"நான் மையத்துக்கே போயிடுறேம்மா," என்றார் மாமா. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நான் மட்டும் வீட்டுல படுத்தா எந்த மூஞ்சியோட மறுபடி மைக்கப் பிடிக்கிறது?"

"இருக்கிற மூஞ்சியோடதான்."

"விளையாடாத."

"உங்களுக்குப் புதுத் தலகாணின்னாலே தூக்கம் வராது. அங்க பெஞ்சை இணைச்சுப் போட்டிருக்கானாம். போய் என்ன பண்ணுவீங்க?"

பிறகு மாமாவின் குரல் சின்னதாகிப் போனது. சின்னதாகவும் தெருவுக்கே கேட்டது.

"பயமா இருக்கு."

"என்னது?"

"பயமா இருக்குன்னேன். அங்க ஒரு ஆளைத் தெரியாது. தூக்கத்துல மூச்சு நின்னு போனா எவன் பாப்பான்? வீட்டுல நீ பாப்ப."

"நான் எங்க பாக்குறேன்? படுத்தா எனக்கு உலகமே தெரியாது."

"பொய் சொல்லாத. போன வாரம் நான் தூங்குற மாதிரிக் கிடந்தேன். மூக்குக்கு முன்னாடி விரலை வெச்சுப் பாத்த."

எதிர்வீட்டு டீச்சர் தன் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். குழாய்ச் சத்தம் நின்றது.

"மறுநா தண்ணி பிடிக்க ஆள் இருக்கான்னு பாத்தேன்," என்றாள் அக்கா.

"சரி."

"சரின்னா என்ன சரி? எனக்கு மட்டும் பயமில்லையா? இந்தக் குளியலறையத் தேய்ச்சித் தேய்ச்சிப் பாக்குறேன், ஒண்ணு ரெண்டாக மாட்டேங்குது. நான் தெருவுல பேசினதெல்லாம் ரெண்டு குளியலறை இருக்கிற வீட்டுக்குத்தாங்க. நம்ம வீட்டுக்கு ஆகாது. எனக்கே தெரியும்."

"அப்ப மருந்துக்கடைக்காரன் சொல்றது சரிங்குற?"

"அந்த ஆளு சொல்றது சரிதான். சொல்ற விதம்தான் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு. அந்தாளுகிட்ட போய்ச் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

மருந்துக்கடைக்காரர் டீயைக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றி இருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள்.

எந்த நேரத்தில் ஆய்வாளர் ஸ்கூட்டரில் வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. வயதான அம்மாள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கடைசிப் பகுதியைக் கேட்டார். பிறகு வண்டிப் பக்கம் போய், எட்ட நின்று, ஸ்கூட்டர் சாவியால் கண்ணாடியைத் தட்டினார்.

"பெட்டிய அணைச்சிட்டுப் பேசுங்க, சார்."

"எந்தப் பெட்டி?" என்று தெரு முழுக்கக் கேட்டார் மாமா. அந்தக் கேள்வியின் பாதியில் அவருக்குப் புரிந்தது. விசையை அணைத்த சத்தமும் கேட்டது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அக்கா கையில் பிரஷ்ஷோடு வெளியே வந்தாள்.

"என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?"

"விரலை வெச்சுப் பாத்தியாமே," என்றார் டீச்சர்.

அக்கா வண்டியைப் பார்த்தாள், மேலே கூம்பைப் பார்த்தாள், கடைசியாக மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். முகம் சிவந்தது. ஆனால் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

"கேட்டீங்கல்ல? நானே ஒத்துக்கிட்டேன். இப்ப சந்தோஷமா?"

"சந்தோஷம் என்னம்மா சந்தோஷம்," என்றார் அவர். "அந்த ஆளு மூச்சைப் பாக்க மையத்துல ஆள் இல்லங்கிறது நெசம்தானே. அதையும் கேட்டேன்."

ஆய்வாளர் வீட்டுக்குள் போய் இரண்டே நிமிஷத்தில் திரும்பினார். "சுத்தமா இருக்கு. ஆனா ஒண்ணுதான் இருக்கு. தனிக் குளியலறை இல்லாம நான் அனுமதிக்க முடியாது. மையத்து வண்டிய வரச் சொல்லட்டுமா?"

மாமா வண்டிக்குள் பையைத் தேடத் தொடங்கினார்.

"பார்லர்ல எல்லாம் இருக்குல்ல?" என்றது மருந்துக்கடைக்காரரின் குரல். அக்காவைப் பார்க்காமல் டீயைப் பார்த்துச் சொன்னார். "தனி வாசல். உள்ளயே கழிப்பறை, தண்ணி. சாய்ஞ்சு படுக்க நாற்காலி. பக்கத்துக் கடை என்னுது. நான் பாத்துக்கிட்டே இருப்பேன். காவல் இல்லைன்னுதானே இத்தனை நாளா கத்துறேன்?"

ஆய்வாளர் யோசித்தார். "பார்லர் அடுத்த வாரம் திறக்கணும்னு உத்தரவு இருக்கே. இவர் தங்கினா திறக்க முடியாது. கிருமிநாசினி அடிச்சு, மறுபடி விண்ணப்பிச்சு, அது எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

அந்த உத்தரவுக்காக அக்கா எத்தனை பேர் மேசை முன்னால் நின்றாள் என்பது தெருவுக்கே தெரியும். அது மட்டுமல்ல. தனிமையில் ஆள் கிடந்த நாற்காலியில் தலையைச் சாய்க்க எவள் வருவாள்? இதையும் எல்லோரும் நினைத்தார்கள். டீச்சர்தான் வாயைத் திறந்தார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன். உடனே வர மாட்டேன். கொஞ்ச நாள் போகட்டும், வருவேன்."

"வராட்டியும் போங்க டீச்சர்," என்றாள் அக்கா. "இவரைத் தொலைச்சிட்டு யாருக்குப் புருவம் எடுக்கப் போறேன்?" இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினாள். வண்டிக் கதவில் நீட்டியிருந்த கண்ணாடி மேல் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

மாமா கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினார். "வேணாம்மா. நீ கஷ்டப்பட்டு வாங்கினது."

"சாவி எடுங்க. தெருவே நிக்குது."

மாமா கண்ணாடியை முழுக்க இறக்கிக் கையை நீட்டிச் சாவியை எடுத்தார். ஆய்வாளர் பார்லர் முகவரியை எழுதிக்கொண்டு, மருந்துக்கடைக்காரரின் போன் எண்ணையும் வாங்கிக்கொண்டார். கடைசிவரை தலைக்கவசத்தைக் கழற்றாமலே கிளம்பினார்.

அன்று பொழுது சாய்ந்ததும் அக்கா சாப்பாட்டை எடுத்துக்கொண்டு முனைக்குப் போனாள். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துப் போனாள். கதவடியில் வைத்துவிட்டு விலகினோம். மாமா கண்ணாடிக் கதவைத் திறந்து எடுத்துக்கொண்டு மூடிக்கொண்டார். உள்ளே மூன்று பக்கமும் நிலைக்கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரே அவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. கடைசியில் தட்டோடு கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அக்கா வெளியே நடைபாதையில் உட்கார்ந்தாள்.

பக்கத்துக் கடையிலிருந்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "காய்ச்சல் இருக்கான்னு பாத்தாச்சு, இல்ல," என்று தகவல் சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அக்காவும் "சரிண்ணே" என்றாள். அதுவரை அவரை அவள் அண்ணன் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மாமா உள்ளேயிருந்து கையால் போ, போ என்று சைகை காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயசைப்பு மட்டும் தெரிந்தது. எல்லாரும் பாக்குறாங்க என்கிறார்.

"பாக்கட்டும்," என்றாள் அக்கா, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும். "கேட்டதே கேட்டாச்சு." பிறகு கால்களை நன்றாக நீட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, "நீ போடா. நான் இவரு தூங்குனதும் வரேன்," என்றாள்.