தண்ணீருக்கு ஷ்வே

மணலைச் சலித்து முடித்தபோது மணி எட்டு. செவ்வந்தி அதை ஊரிலிருந்து கட்டைப்பையில் சுமந்து வந்திருந்தாள். படகில் ஏரியைக் கடந்து, பழவேற்காட்டில் பஸ் ஏறி, திருப்பாலைவனம் வரை நின்றுகொண்டே வந்து, பிறகு மீஞ்சூரில் ஒரு மழலையர் பள்ளி. சல்லடையில் தங்கிய சிப்பித் துண்டு, நண்டு ஓடு, மீன் முள் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டாள். ஒரு முள் தப்பினாலும் வேலை போய்விடும். பிறகு மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்தாள். ஒன்றில் மணல், ஒன்றில் ஐஸ், பெரியதில் தண்ணீர்.

அந்த மழலையர் பள்ளியில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குச் சீன மொழி சொல்லித் தருகிறார்கள். புத்தகம் கிடையாது, சிலேட்டு கிடையாது. குழந்தை தண்ணீரில் கை விடும்போது காதோடு "ஷ்வே" என்று சொல்ல வேண்டும். மணலை அள்ளும்போது "ஷா". ஐஸைத் தொட்டுக் கையை இழுத்துக்கொள்ளும்போது "லெங்". கம்பெனிகளில் பெரிய வேலையில் இருக்கும் அப்பா அம்மாக்கள் இதற்காகவே காரில் கொண்டுவந்து விடுகிறார்கள். சொல்லித்தந்த டீச்சர் பொங்கலோடு நின்றுவிட்டார். இரண்டு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகளின் கை துடைத்த செவ்வந்திக்கு, அத்தனை வார்த்தையும் அவருடைய ராகத்தோடே வந்தது. பள்ளியை நடத்தும் பெனிட்டா அதைக் கேட்ட அன்றைக்கே வேறு டீச்சர் தேடுவதை விட்டுவிட்டார்.

வேலைதான் மாறியது, ஆயா சம்பளம் மாறவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எம் புள்ளைய இட்டுக்கினு வரட்டுமா மேடம்? ரெண்டு வயசு. ஓரமா குந்திக்கினு இருப்பான்."

"பேரன்ட்ஸ் என்ன சொல்வாங்க செவ்வந்தி. ஜூன்ல பாக்கலாம்."

ஜூன் போய் ஆகஸ்டு வந்துவிட்டது. மகன் மோகன்குமார் ஊரில் வீட்டுக் கம்பத்தில் கட்டுண்டு கிடந்தான். அந்த ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. நடக்கத் தெரிந்து நீந்தத் தெரியாத பிள்ளைகளை இடுப்பில் வலைக்கயிறு சுற்றிக் கட்டிவைப்பது அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. இழுத்தாலும் இறுகாத முடிச்சு அது. புருஷன் சரவணன் விடிவதற்குள் மீன்பிடித் தொழிலுக்குப் போய்விடுவான். பக்கத்து வீட்டு ருக்கு கருவாடு காயப்போடுவதற்கு நடுவே வந்து இரண்டு வாய் ஊட்டிவிட்டுப் போவாள்.

"காலைல அழுவுறான்டி. அப்பால அழுவுறதுகூட இல்ல, செவுத்த பாத்துக்கினு கெடக்குறான்," என்றாள் ருக்கு ஒருநாள். "எம் பொண்ணு இந்த வயசுல வாய் ஓயாம பேசுவா. இவன் இன்னா ஒரு வார்த்த பேச மாட்றான்?"

ஊரான் வீட்டுப் பிள்ளைகள் சீனம் பேசுகின்றன. பெற்ற பிள்ளைக்கு அம்மா என்று சொல்ல வரவில்லை.

மணல் சலித்த அந்தக் காலையில்தான் அது நடந்தது. ஒரு குழந்தை மணலை வாயில் போட்டுக்கொண்டு இருமியது. செவ்வந்தி விரல் விட்டு வழித்துக்கொண்டிருக்கும்போதே, நீலக் கவுன் போட்ட குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற எட்டியது. ஓடித் தூக்கி வைத்தாள். மறுபடி போனது. மறுபடி தூக்கினாள். மூன்றாவது தடவை அவள் யோசிக்கவே இல்லை. துப்பட்டாவை உருவிக் குழந்தையின் இடுப்பில் சுற்றி ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு இருமுகிற குழந்தையிடம் ஓடினாள்.

கூரையில் கேமரா இருந்தது. நீலக் கவுனின் அப்பா ஆபீசிலிருந்து போனில் பார்த்துவிட்டு அரை மணியில் வந்து நின்றார்.

"கன்னுக்குட்டியா என் பொண்ணு? கட்டிப் போட்டிருக்கா."

"தண்ணில வுழுந்துடும் சார். கொயந்தைக்கு வலிக்காது சார், இறுகாத முடிச்சு. எங்கூர்ல அல்லாரும்..."

"உங்க ஊர்ல என்ன வேணா செஞ்சுக்கோங்க. மேடம், நாளைக்கு இந்தப் பொம்பள இங்க இருக்கக் கூடாது."

பெனிட்டா தலையாட்டினார். கார் போனதும் செவ்வந்தியை உள்ளே கூப்பிட்டார்.

"உன்ன அனுப்பிட்டு சீனத்துக்கு நான் எங்க போறது? நாளைலேர்ந்து ஆபீஸ்ல இருக்கற வித்யா பசங்க கைய பிடிச்சு விடட்டும். நீ ஸ்டோர் ரூம்ல உக்காந்து மைக்ல சொல்லு. டீச்சர் ஆன்லைன்ல வராங்கன்னு நான் சொல்லிக்கிறேன்."

எட்டாவதோடு நின்றவள் அவள். சீனம் தெரியும் என்று வேறெங்கே போய்ச் சொன்னாலும் சிரிப்பார்கள்.

"புள்ளைய மேடம்..."

பெனிட்டா ஸ்டோர் ரூம் பக்கம் எட்டிப் பார்த்தார். "சரி, கூட்டிட்டு வா. உள்ள யாரு பாக்கப் போறாங்க. ஆனா அவன் சத்தம் மைக்ல வரக் கூடாது. வந்துச்சுன்னா ரெண்டு பேரும் கிளம்ப வேண்டியதுதான்."

மறுநாள் டயபர் பெட்டிகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவே மகனை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். பெற்றோர் யாரும் தவறித் திறந்துவிடக் கூடாதென்று வித்யா வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. கூரைக் கேமரா வழியாகப் போனில் குழந்தைகள் விரல் அளவு தெரிந்தார்கள். ஆனாலும் மோகன்குமாரின் தலை அவள் மோவாயில் இடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பக்கத்து வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. மோகன்குமார் எட்டி அதில் கையை விட்டான்.

"ஷ்வே," என்றாள் செவ்வந்தி மைக்கில்.

கதவுக்கு அந்தப் பக்கம் எட்டுக் குழந்தைகள் தண்ணீரை அடித்துக்கொண்டு "ஷ்வே, ஷ்வே" என்று கத்தின.

மோகன்குமார் நனைந்த கையைப் பார்த்தான். அவள் வாயைப் பார்த்தான். அவன் உதடு அதேபோலக் குவிந்தது.

அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் அந்த உதடுகள் அசைந்து மூச்சு சூடாகப் பட்டது. போனில் வித்யா மணல் தொட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். செவ்வந்தி கையை எடுக்காமல் மைக்குக்குக் குனிந்து, "ஷா," என்றாள்.